கதவுக்கு அடியில் கால் இஞ்ச்

வாங்க தம்பி, வாங்க. டெம்போவ வேப்பமரத்தடியில நிறுத்திட்டீங்களா? இஞ்சின ஆஃப் பண்ணிட்டீங்கல்ல? சரி. ஈரோட்டுலருந்து எத்தன மணிக்குக் கெளம்புனீங்க? பாப்பா காலைலயே போன் பண்ணுச்சு, குழந்தைவேலுன்னு ஒருத்தர் வருவாரு, அம்மா சாமானெல்லாம் ஏத்தி அனுப்புங்கப்பான்னு. நீங்கதானே? அந்த லிஸ்ட்டக் குடுங்க பாப்போம்.

மரக்கட்டில் ஒண்ணு. இரும்பு பீரோ ஒண்ணு. தையல் மிசின். பெரிய இட்லிக் குண்டா. கொஞ்ச நாளைக்கு மக வீட்டுல இருக்கப் போறவளுக்கு எதுக்குத் தம்பி பீரோ? சேல கசங்குமாம். கால் சரியாகற வரைக்கும்தான் அங்க. ஆடி முடிஞ்சா என் வீட்டுக்காரி பூங்கோதை இங்க வந்துருவா, அப்பறம் இதே பீரோவ இதே டெம்போல திருப்பி ஏத்தோணும். பொம்பளைங்க திட்டம் அப்பிடித்தான்.

கடைசில என்ன எழுதியிருக்குதுன்னு பாருங்க. “சமையல்கட்டு அலமாரி ரேடியோ.” சிரிப்பு வருதா இல்லையா? பேட்டரி மூடி ஒடஞ்சு போயி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சிருக்கற ரேடியோ அது. இந்த வீட்டுல பாட்டுக் கேக்க என்ன என்ன சாமான் இருக்குதுன்னு கோயமுத்தூர்லயே நாலு பேருக்குத்தான் தெரியும். அவ கேக்கறது அந்த டப்பாவ. நான் என்னத்தச் சொல்ல.

என்னங்க? அம்மா ஒரு வார்த்த சொல்லச் சொன்னாங்களா? ஏத்தறதுக்கு முன்னாலயே சொல்லோணுமா? சொல்லலாம் தம்பி, எங்க ஓடிப் போகுது. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. கூட வந்த ஆளு மரத்தடியில கொஞ்சம் படுக்கட்டும். நீங்க உள்ள வாங்க, ஒரே ஒரு பாட்டு. செருப்ப வெளிய விட்டுருங்க. கால மிதியடியில நல்லாத் தொடச்சுக்குங்க, ரெக்கார்டுக்குத் தூசி ஆகாது.

பாத்து, கதவு கனம். ரெண்டு கையிலயும் இழுக்கோணும். ரெண்டு பக்கமும் தேக்குப் பலகை, நடுவுல சத்தத்தத் தடுக்கக் கண்ணாடிப் பஞ்சு. பொள்ளாச்சியிலருந்து ஆசாரி வந்து மூணு வாரம் தங்கிச் செஞ்சாரு. சாமி ரூமுக்குக் கூட இப்பிடிக் கதவு போடலையேன்னு கேட்டா பூங்கோதை. சாமிக்கு எதுக்குக் கதவு, அவருக்கு எல்லாம் கேக்கும்னேன். பேச்சுல நம்மள யாரும் ஜெயிக்க முடியாதுங்க.

நாற்காலி ஒண்ணுதான் இருக்குதேன்னு பாக்கறீங்களா? ஒண்ணுதான் இருக்கோணும். இந்த ஸ்பீக்கருக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவுல, செவுத்துலருந்து நாலேகாலடி. அங்க உக்காந்தவனுக்குத்தான் சங்கீதம், ஒரு சாண் தள்ளி உக்காந்தவனுக்கு வெறும் சத்தம். இன்னைக்கு வீட்டுக்கு வந்த ஒறம்பரை நீங்க, நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கறேன். பூங்கோதை ஒரு நா அந்தக் கீழ் மூலைல பாய் போட்டு உக்காந்து பீன்ஸ் ஒடிச்சுட்டு இருந்தா. மெல்லிசா வயலின் போயிட்டு இருக்குது, இவ டப்பு டப்புன்னு ஒடிக்கறா. ஏம்மா, பீன்ஸ்சுல தாளம் போடறியான்னு கேட்டேன். எந்திரிச்சுப் போனவதான், அதுக்கப்பறம் உள்ள வந்ததே இல்ல. அப்பிடி ஒரு ரோசம்.

இதெல்லாம் எப்பிடி ஆரம்பிச்சதுன்னு கேளுங்க. கணபதிப் பக்கம் மோட்டார் காயில் கட்டற பட்டறை வச்சிருந்தேன். நாப்பது வருசம் லேத் சத்தம், சம்மட்டிச் சத்தம், லோடு ஏத்தறவங்க சத்தம். பட்டறைய வாடகைக்கு விட்டுட்டு வீட்டுல உக்காந்தப்ப, இனிமே நல்லதா ஒண்ணு காதுல விழுந்தாப் போதும்னு இருந்துச்சு. கடைல போயி ஒரு செட்டு வாங்குனேன். வீட்டுல எல்லாரும் நல்லாருக்குதுன்னாங்க. அதோட விட்டிருக்கலாம். பல் டாக்டர் மோகனசுந்தரம்னு ஒருத்தர், பல்லு புடுங்கப் போன எடத்துல பழக்கம், அவரு வந்து உக்காந்து கண்ண மூடிக் கேட்டாரு. கேட்டுட்டு, “எல்லாம் சரிங்க. ஆனா குரல் இயற்கையா இல்ல. மூக்கடைச்ச மாதிரி இருக்குது”ன்னு சொல்லிட்டு காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

அந்த மூக்கடைப்ப எடுக்கறதுக்கு எனக்கு ஒம்பது வருசம் ஆச்சு தம்பி. ஆம்ப்ளிஃபயர் மட்டும் அஞ்சு மாத்துனேன். இது வால்வு ஆம்ப்ளிஃபயர், பாருங்க, செவசெவன்னு எரியுது. முக்கா மணி நேரம் சூடாகோணும், அப்பத்தான் பாடறவங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியும். வெலைய மட்டும் கேக்காதீங்க, எனக்கே நெனச்சா நெஞ்சு அடைக்குது.

ஒவ்வொண்ணு மாத்துனப்பவும் பூங்கோதையக் கூப்புட்டு, கதவோரத்துல நிக்க வச்சு, எப்பிடியிருக்குதுன்னு கேப்பேன். “முன்ன இருந்த மாதிரியேதானுங்க இருக்குது”ம்பா. அஞ்சு ஆம்ப்ளிஃபயருக்கும் அதே பதில். அவளுக்குக் காது கெடையாதுங்க. பால் பொங்கப் போறது மட்டும் வாசல்ல நின்னாலும் கேட்டுரும். நான் தூக்கத்துல பெரண்டு படுத்தாக் கேட்டுரும், ஏனுங்க நெஞ்சு வலிக்குதான்னு எந்திரிச்சு உக்காந்துக்குவா. ஆனா ஒரு தோடி ராகம் எங்க நிக்குது, வயலின் எத்தனையடி பின்னால இருக்குது, அதெல்லாம் கேக்காது. சில பேருக்கு அவ்வளவுதான் குடுத்து வச்சது.

இல்ல தம்பி, மறக்கல. அம்மா சொன்னத அப்பறம் கேட்டுக்கறேன். ஆலாபனை ஆரம்பிக்கப் போகுது, இப்பப் பேசக் கூடாது.

ம். கேட்டீங்களா? என்ன தோணுச்சு? நல்லாருக்குதா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. பரவால்ல.

இதுல ஒரு ரகசியம் இருக்குது, கரண்டு. அது சுத்தமா இல்லைன்னா எத்தன பெரிய மிசினும் சுத்தமாப் பாடாது. இந்த ரூமுக்குன்னு தனி லைன் இழுத்தேன். அப்பறம் எர்த். வீட்டுக்கு ஏற்கெனவே எர்த் இருக்குதேன்னு எலெக்ட்ரீசியன் கேட்டாரு. வீட்டு எர்த்து மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும்யா, தோடிக்குத் தனி எர்த்து வேணும்னேன். பின்னால அவ கருவேப்பில மரம் இருந்த எடத்துலதான் ஈரம் நிக்கும்னாரு. வெட்டிட்டு அங்க ஆழமாக் குழி தோண்டி, கரியும் உப்புமாப் போட்டு, செம்புத் தகடு எறக்குனோம். அந்தக் குழி காயக் கூடாதுங்க. காஞ்சா ஸ்பீக்கர்ல ஒரு உறுமல் வரும். தெனம் மத்தியானம் ரெண்டு கொடம் தண்ணி ஊத்தோணும். பூங்கோதைதான் ஊத்துவா. எனக்குக் கொடம் தூக்குனா இடுப்புப் புடிச்சுக்கும்.

அங்கதான் வழுக்கி விழுந்தா. பாசி புடிச்ச எடம்னு அவளுக்குத் தெரியாதா? தெனம் போற எடம்தானே? பாத்துக் கால் வெக்கோணும். இத நான் ஆஸ்பத்திரியில வச்சே சொன்னேன். பாப்பா என்னைய ஒரு பார்வ பாத்துச்சு. எதுக்குப் பாத்துச்சுன்னு இன்னமும் எனக்குத் தெரியல.

அந்த நாளப் பத்திச் சொல்றேன், கேளுங்க. யாருகிட்டயும் சொன்னதில்ல. பல் டாக்டர்கிட்டக் கூடப் பாதிதான் சொன்னேன்.

அன்னைக்குக் காலைலதான் ஸ்பீக்கருக்குப் புதுக் கேபிள் வந்துச்சு, வெள்ளிக் கம்பி போட்டது. மாட்டிட்டு, மத்தியானம் சாப்புட்டு வந்து, இதே ரெக்கார்டத்தான் போட்டேன். சபாவுல கச்சேரி நடக்கறப்ப நேரா எடுத்த ரெக்கார்டுங்க இது. முன் வரிசைல ஒருத்தர் இருமறது, யாரோ சபாஷுன்னு முனகறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆலாபனைல பாடகர் மூச்செடுக்க ஒரு எடத்துல நிறுத்துவாரு. அந்த எடைவெளியில, ரொம்பத் தூரத்துல, சபாவுக்குக் கடைசி வரிசைல, ஒரு பொம்பள கூப்படறாங்க. “ஏனுங்க.” அவ்வளவுதான். “ஏனுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஒம்பது வருசமாக் கேக்கற ரெக்கார்டு, இப்பிடி ஒரு அம்மா அதுல இருக்கறதே தெரியாமப் போச்சேன்னு. கச்சேரி நடந்தது மெட்ராஸ்ல. அப்ப நம்ம பக்கத்து அம்மா ஒண்ணு அங்க போயிருக்குது, வீட்டுக்காரரத் தேடுதுன்னு நெனச்சுக்கிட்டேன். குரல்னா அது குரலுங்க. சன்னம்தான், ஆனா மூக்கடைப்பு இல்ல, பூச்சு இல்ல, அப்பிடியே மனுசக் குரல். ஒம்பது வருசமா நான் தேடுனது இதுதான்னு மேல் எல்லாம் புல்லரிச்சுப் போச்சு. டாக்டருக்குப் போன் போட்டு, கேபிளுன்னா கேபிளுங்க, கடைசி வரிசைல ஒரு கொங்கு நாட்டம்மா வீட்டுக்காரரக் கூப்படறது வரைக்கும் கேக்குதுங்கன்னேன். அவரு, அதுதாங்க இயற்கைங்கறதுன்னாரு.

ஊசியத் தூக்கி மறுபடி முதல்லருந்து வச்சேன். இந்த வாட்டி அந்தம்மா வேற எடத்துல கூப்புட்டாங்க. மூணாவது தடவ வச்சேன், இன்னொரு எடத்துல. உங்களுக்கு இதுல ஏதாச்சும் ஒதைக்குதா? எனக்கு ஒதைக்கல தம்பி. நல்ல செட்டுன்னா அப்பிடித்தான், ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு குடுக்கும்னு நெனச்சு உக்காந்துட்டு இருந்தேன். கண்ண மூடிக்கிட்டு.

திடீர்னு எல்லாம் நின்னுபோச்சு. பாட்டு நின்னுச்சு, வால்வு அணைஞ்சுது. எனக்கு வந்த கோவம் இருக்குதே. வால்வு செட்டுங்க, வெடுக்குனு கரண்ட்ட நிறுத்துனா என்னத்துக்கு ஆகும்? கதவத் தள்ளிட்டு வெளிய வந்து, எவன்டா மெயின ஆஃப் பண்ணுனதுன்னு கத்துனேன். பக்கத்து வீட்டு ராஜாமணியம்மா மெயின் சுவிட்சுக்குக் கீழ நிக்கறாங்க. மொட்ட மாடியில வத்தல் காயப் போட வந்தவங்களுக்குக் கேட்டுருக்குது. காம்பவுண்டுச் செவுரு ஏறிக் குதிச்சு வந்து, கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, அப்பறம்தான் மெயின நிறுத்தியிருக்காங்க. அறுவத்தி ரெண்டு வயசு அந்தம்மாவுக்கு. நாப்பது நிமிசமாக் கூப்படறா உம்பொண்டாட்டின்னாங்க. அதுக்கு மேல என்கிட்ட அவங்க பேசறதில்ல.

தொடை எலும்பு இடுப்புகிட்ட முறிஞ்சுபோச்சு. ஆபரேசன் பண்ணிக் கம்பி வச்சாங்க. நான் கூடவேதான் இருந்தேன், கொற சொல்லக் கூடாது. மூணாவது நாள் பாப்பா, அம்மாவுக்கு மாத்துச் சேல எடுத்துட்டு வாங்கப்பான்னு அனுப்புச்சு. வீட்டுக்கு வந்தேன். சேலய எடுத்துட்டு நேராப் போயிருக்கலாம். சரி, வந்ததுதான் வந்தோம், கரண்ட்ட நிறுத்துனதுல வால்வுக்கு ஏதாச்சும் ஆயிருச்சான்னு பாப்போம்னு அதே ரெக்கார்டப் போட்டேன்.

அந்தம்மா இல்ல.

பாடகர் நிறுத்தறாரு, மூச்செடுக்கறாரு, முன் வரிசைல இருமறாங்க, அந்தம்மாவக் காணோம். கேபிளக் கழட்டி மாட்டுனேன். ஊசியத் தொடச்சேன். ஸ்பீக்கர அரை இஞ்ச் முன்னால தள்ளுனேன். ஆஸ்பத்திரியில அவ மாத்துச் சேலக்குக் காத்துட்டு இருக்கறா, நான் இங்க ரெண்டு மணி நேரம் அந்தம்மாவத் தேடிட்டு இருக்கறேன். கடைசில கீழ விழுந்த ஒரு திருகாணிய எடுக்கக் குனிஞ்சப்பத்தான் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சுது. கால் இஞ்ச் எடைவெளி. எந்திரிச்சுக் கதவத் தொறந்து பாத்தா, நேரா சமையல்கட்டு, அதுக்கு நேரா பின் வாசக்கதவு, அதுக்கு நேரா எர்த் குழி.

அப்பத்தான் தெரிஞ்சுது தம்பி. இங்கயே தரையில உக்காந்து அழுதேன். பொய் சொல்லல. முப்பத்தி நாலு வருசமா எனக்குக் கேட்ட குரல் அது, எனக்கு அடையாளம் தெரியல. கேக்காமப் போயிருந்தாக் கூடப் பரவால்ல. கேட்டேன். கேட்டு ரசிச்சேன்.

மறுநாளே ஆள வரச்சொல்லி அந்த எடைவெளிய ரப்பர் பீடிங் போட்டு அடைச்சுட்டேன். அத அப்பிடியே விடக் கூடாதுல்ல? நாளைக்கு இன்னொரு சத்தம் வந்து கலந்துச்சுன்னா எது ரெக்கார்டு, எது வெளியன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு தடவ ஏமாந்தது போதும்.

ஆஸ்பத்திரியிலருந்து அனுப்பறன்னைக்கு, சக்கர நாற்காலியில உக்காந்துட்டு பூங்கோதை கேட்டா. அது வரைக்கும் ஒண்ணுமே கேக்கல அவ. “ஏனுங்க, நான் கூப்புட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?” கதவு சாத்தியிருந்துச்சு, கேக்கலம்மான்னேன். “சரிங்க”ன்னா. அவ்வளவுதான். நேரா பாப்பா கூட ஈரோட்டுக் காருல ஏறிட்டா.

நான் சொன்னது சரிதானே? கேட்டுச்சுன்னு சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்? அவளுக்காகத்தான் சொன்னேன்.

சரி, எந்திரிங்க. ஒரு சின்ன வேல, முடிச்சுட்டு ஏத்திரலாம். பீடிங் போட்டதுக்கப்பறம் சோதிக்கறதுக்கு வீட்டுல ஆளில்ல. நீங்க வெளிய ஹால்ல நில்லுங்க, நான் கதவச் சாத்திக்கறேன். நீங்க எதையாச்சும் நல்லாக் கத்தோணும். என்ன வேணும்னாலும் கத்துங்க. வெக்கப்படாதீங்க, தொண்ட கிழியக் கத்தோணும். அஞ்சு நிமிசம். போங்க.

வந்தேன், வந்தேன். பாத்தீங்களா தம்பி? ஒண்ணுமே கேக்கல. ஒரு முணுமுணுப்பு இல்ல. கத்துனீங்கல்ல? நெசமாக் கத்துனீங்களா? ஏன் ராஜாமணியம்மா அவங்க மாடியிலருந்து எட்டிப் பாக்கறாங்க? அங்க வரைக்குமா கேட்டுருச்சு? ஆசாரி பேர் சொல்ற வேலைங்க இது. அப்பிடி என்னத்தக் கத்துனீங்க?

அம்மா சொல்லச் சொன்னதையா.

சொல்லுங்க. இல்ல, மெதுவாவே சொல்லுங்க, இப்பக் கதவு தொறந்துதானே இருக்குது.

ம்.

அந்தக் கதவக் கழட்டறேன்னு நான் ஒரு வார்த்த சொல்லோணும். சொன்னா நீங்க சாமான ஏத்தாம வெறும் வண்டியாத் திரும்பிரோணும். அவ நாளைக்கே கெளம்பி வந்துருவா. சொல்லலைன்னா எல்லாத்தையும் ஏத்தீரோணும். அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா? மத்த எதையும் மாத்த வேண்டாம்னாளா? செட்டு இருக்கட்டும்னாளா? கதவு மட்டுமா?

உக்காருங்க தம்பி. நின்னுட்டே இருந்தா எப்பிடி. கதவுன்னா உங்களுக்கு வெறும் கதவு. இது இல்லைன்னா கீழ் ஸ்தாயி பூராவும் ஹாலுக்கு ஓடிப்போயிரும். மிக்ஸி கேக்கும். குக்கர் விசில் கேக்கும். அந்த ரேடியோ கேக்கும். அவ யாருகிட்டயோ போன் பேசறது கேக்கும். அப்பறம் எதுக்கு ஒம்பது வருசம்? அத அவ யோசிச்சாளா? கால் வலியில ஏதோ சொல்லிட்டா. ஆடி முடியட்டும், தானா வந்துருவா. வராம எங்க போவா?

நீங்க என்ன நெனைக்கறீங்க? வேண்டாம், சொல்லாதீங்க.

இந்தக் கீலப் பாருங்க, பித்தள. ஆறு திருகாணி. கழட்டறது ஒண்ணும் பெரிய வேலையில்ல, அரை மணி நேரம்கூட ஆகாது. எனக்குத் தெரியும். பட்டறைக்காரன் நான்.

உங்க ஆள எழுப்புங்க. கட்டில மொதல்ல ஏத்திரலாம், நானும் ஒரு கை புடிக்கறேன். பீரோவப் படுக்க வைக்காதீங்க, கண்ணாடி இருக்குது. ரேடியோவ மட்டும் சாமானோட போடாதீங்க, முன்னால உங்க மடியில வச்சுக்குங்க, குலுங்குனா நின்னுபோயிரும். பக்கவாட்டுல கொஞ்சம் தட்டுனாத்தான் பாடும், அவளுக்குத் தெரியும்.

அப்பறம் ஒண்ணு தம்பி. அவ கேட்டா, சொன்னேங்க, ஆனா அவரு ரூமுக்குள்ள இருந்தாரு, கதவு சாத்தியிருந்துச்சு, அவருக்குக் கேக்கலைங்கன்னு சொல்லிருங்க. நம்புவா. போன தடவையும் நம்புனா.